கழுத்தை முதலில் காப்பாற்றுவோம், மூளையைப் பற்றி அப்புறம் பேசலாம்

கேள்வி: எங்கள் வீட்டு டாய் பொமரேனியன் பெயர் லட்டு. வயது ஒன்பது மாதம், எடை 1.8 கிலோ. மூன்று வாரத்துக்கு முன் சோபாவிலிருந்து குதித்தவன் வீல் என்று கத்தினான். அன்றிலிருந்து கழுத்தைத் திருப்புவதே இல்லை. தூக்கினால் அலறுகிறான். நடக்கும்போது கால்கள் பின்னிக்கொள்கின்றன, சில சமயம் முன்பாதம் மடங்கி அதன் மேல்பக்கம் தரையில் உரசுகிறது. எக்ஸ்ரே எடுத்த டாக்டர், கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் விலகியிருப்பதாகச் சொல்லி எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினார். அந்த அறிக்கையில் 'அட்லான்டோ ஆக்ஸியல் இன்ஸ்டெபிலிட்டி' என்பதோடு, மூளை அறைகள் பெரிதாக இருக்கின்றன, சிறுமூளை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது, 'சியாரி' மாதிரியான அமைப்பு என்றும் எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் கட்டுப் போட்டால் போதும் என்கிறார். மாமனார், 'மூளையிலேயே கோளாறு, கருணைக்கொலை ஊசி போட்டுவிடலாம்' என்கிறார். பக்கத்துத் தெருவில் சுளுக்கு எடுப்பவர், இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். குதிக்க விட்டது எங்கள் தப்பா? அவனுக்கு வலிப்பு வருமா? நாங்கள் எதைச் செய்வது?
திருச்சியிலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, மற்றதையெல்லாம் படிப்பதற்கு முன் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். லட்டுவைச் சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோகவே போகாதீர்கள். எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம், வீட்டில் யாரும் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பதும் வேண்டாம். அவன் கழுத்தில் பெல்ட் இருந்தால் அதை இப்போதே கழற்றிவிடுங்கள். இது சுளுக்கு இல்லை. அந்த இடத்தில் ஒரு இழுப்பு தவறிப்போனால் தண்டுவடம் நசுங்கி மூச்சே நின்றுபோகலாம்.

ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறேன் என்று சொல்கிறேன். மண்டையோட்டை அடுத்த முதல் கழுத்தெலும்பு அட்லஸ், அதற்கு அடுத்தது ஆக்ஸிஸ். இந்த இரண்டும் நிலையாக நில்லாமல் விலகுவதைத்தான் அறிக்கையில் 'அட்லான்டோ ஆக்ஸியல் இன்ஸ்டெபிலிட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். ஆக்ஸிஸின் முன்பக்கத்தில் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு டென்ஸ் என்று பெயர். அரைக்கும் திருகையில் அடிக்கல்லின் நடுவே நிற்கும் முளையைச் சுற்றி மேல்கல் சுழல்கிறது அல்லவா, அதேபோல இந்த டென்ஸைச் சுற்றித்தான் அட்லஸும் தலையும் பக்கவாட்டில் திரும்புகின்றன. மற்ற கழுத்தெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டுத்தட்டு இந்த இரண்டுக்கும் நடுவில் கிடையாது. முளையும், அதை அட்லஸோடு சேர்த்துக் கட்டியிருக்கும் சில நார்களும்தான் மொத்தப் பிடிமானம்.

லட்டு மாதிரிக் குட்டி ரகங்களில், அதாவது டாய் பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், டாய் பூடில் போன்றவற்றில், பிறவியிலேயே இந்த முளை குட்டையாக இருப்பதுண்டு. சில நாய்களுக்கு அது அறவே இருக்காது. இன்னும் சிலவற்றுக்கு முளை ஒழுங்காக இருக்கும், நார்கள்தான் பலவீனமாக இருக்கும். முளை இருந்து நார் விட்டுப்போனால் ஆபத்து இன்னும் அதிகம். தலை குனியும்போது அந்த முளையே மேலே எழும்பித் தண்டுவடத்தைக் குத்தும். மூச்சு விடச் சொல்லும் உத்தரவு மூளையின் அடியிலிருந்து இந்த வழியாகத்தான் விலாத் தசைகளுக்கும் உதரவிதானத்துக்கும் இறங்குகிறது. நான்கு கால்களுக்கும் போகிற வழியும் இதுதான். அதனால்தான் லட்டுவுக்கு ஒரு கால் மட்டும் என்றில்லாமல் நடையே குழம்பியிருக்கிறது.

இதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. சோபாவிலிருந்து எல்லா நாயும் குதிக்கிறது. முளையும் நாரும் சரியாக இருக்கிற குட்டிக்கு அந்தக் குதியால் ஒன்றும் ஆகியிருக்காது. லட்டுவின் கழுத்து பிறந்ததிலிருந்தே இப்படித்தான். சோபா இல்லாவிட்டால் கட்டில், கட்டில் இல்லாவிட்டால் பெரிய நாயோடு ஒரு விளையாட்டு. இந்தக் கோளாறுள்ள பெரும்பாலான நாய்களுக்கு இரண்டு வயதுக்குள் ஏதோ ஒரு சின்னச் சம்பவத்தில் இது வெளியே வந்துவிடும். 'டீகப்', 'பாக்கெட் பொம்' என்று சின்னதிலும் சின்னதாகப் பார்த்துப் பார்த்து இணை சேர்த்து விற்கிறார்களே, கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். எடை குறையக் குறைய விலை ஏறுகிறது. அந்தக் குட்டி மண்டைக்குள்ளும் குட்டிக் கழுத்துக்குள்ளும் என்ன நடக்கிறது என்று விற்பவரும் பார்ப்பதில்லை, வாங்குகிறவருக்கும் சொல்வதில்லை. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

சரி, இப்போது மாமனாரைக் கவலைப்பட வைத்த பகுதிக்கு வருவோம். அறிக்கையில் கழுத்தைப் பற்றி ஒன்று, மூளையைப் பற்றி இரண்டு என்று மூன்று செய்திகள் இருக்கின்றன. வாசிக்கிறவருக்கு மூன்றும் ஒரே கனமாகத் தெரியும். அப்படி இல்லை.

மண்டையின் பின்பகுதியும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளும் கருவில் வளரும்போது ஒன்றையொன்று ஒட்டியே உருவாகிற பகுதி. அங்கே ஒரு இடத்தில் வளர்ச்சி கோணலாகியிருந்தால் பக்கத்திலும் கோணல் இருப்பது சகஜம். அதனால்தான் இந்தக் கழுத்துக் கோளாறு உள்ள குட்டி நாய்களை ஸ்கேன் எடுத்தால் பல சமயம் மூளைப் பக்கமும் ஏதாவது தெரியும். மண்டையின் பின்பகுதி இடம் போதாமல் குறுகியிருந்தால் சிறுமூளை பின்னால் இருக்கும் துவாரத்தை நோக்கித் தள்ளப்படும். இதைத்தான் சியாரி மாதிரியான அமைப்பு என்கிறார்கள். அங்கே நெருக்கடி ஏற்பட்டு மூளைத் தண்டுவடத் திரவம் போய்வரும் பாதை தடைப்பட்டால், நாளடைவில் தண்டுவடத்துக்குள்ளேயே நீர்க்குழிகள் உண்டாகலாம். அதன் பெயர் சிரிங்கோமைலியா. மூளைக்குள் இருக்கும் அறைகளில் அதே திரவம் தேங்கி அழுத்தம் கூடினால் ஹைட்ரோகெஃபாலஸ், நம் பேச்சில் மண்டையில் நீர் கோர்ப்பது.

ஆனால் குட்டி ரகங்களில் மூளை அறைகள் கொஞ்சம் பெரிதாக இருப்பது மிகவும் சாதாரணம். அப்படியே பிறந்து, ஒரு தொந்தரவும் இல்லாமல் ஓடியாடிக் கிழமாகிற நாய்கள் ஏராளம். அறை எவ்வளவு பெரிது என்பதற்கும் நாய் எவ்வளவு கஷ்டப்படுகிறது என்பதற்கும் நேரடிக் கணக்கு கிடையாது. சியாரியும் அப்படித்தான். கேவலியர் கிங் சார்லஸ் என்ற இனத்தில் பெரும்பாலான நாய்களுக்கு இந்த அமைப்பு உண்டு, ஆனால் அத்தனைக்கும் நோய் வருவதில்லை. ஆகவே ஸ்கேனில் தெரிந்த மாற்றம்தான் நோயா என்பதை நாயின் நடவடிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

லட்டுவின் நடவடிக்கையில் எனக்குத் தெரிவது கழுத்து. கழுத்தைத் திருப்பவில்லை, தூக்கினால் அலறுகிறான், பாதம் மடங்கியபடி உரசுகிறது. டாக்டர் பாதத்தை மடக்கி வைத்துப் பார்த்திருப்பார். நல்ல நாய் உடனே நிமிர்த்திக்கொள்ளும், தண்டுவடம் நெருக்கப்பட்ட நாய்க்குப் பாதம் மடங்கியிருப்பதே தெரியாது. மூளைதான் காரணம் என்றால் வேறு மாதிரி அடையாளங்கள் இருக்கும். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வருவான். சுவர் மூலையில் போய்த் தலையை முட்டிக்கொண்டு நிற்பான். இரண்டு கருவிழிகளும் வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கி இறங்கியிருக்கும். கூப்பிட்டால் வெறித்துப் பார்ப்பான். எத்தனை பழக்கினாலும் வெளியே போய் ஒன்றுக்கு இருக்கக் கற்றுக்கொள்ள மாட்டான். வலிப்பு வரும். தலை உருண்டையாகி, உச்சிக்குழி இந்த வயதிலும் மூடாமல் கைக்கு மெத்தென்று தட்டுப்படும். இந்த உச்சிக்குழி விஷயத்திலும் அவசரப்படாதீர்கள், சிவாவா போன்ற சில இனங்களில் அது திறந்திருந்தும் ஒரு கெடுதலும் இல்லாமல் இருப்பவை உண்டு. இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. கழுத்தில் பிரச்சினை வருவதற்கு முன் எட்டு மாதம் அவன் எப்படி இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். பெயர் சொன்னால் ஓடி வந்தானா? பொம்மையைத் துரத்தினானா? அப்படியென்றால் மாமனாரிடம் தைரியமாகச் சொல்லுங்கள், மூளை வேலை செய்கிறது என்று.

சியாரியிலும் கழுத்து வலி வரும் என்பதால் கொஞ்சம் குழப்பம் உண்டு. அந்த வலிக்கு ஒரு தனி அடையாளம் இருக்கிறது. நாய் நடந்துகொண்டிருக்கும்போதே நின்று, காது, தோள் பக்கம் பின்னங்காலால் சொறியும், ஆனால் கால் தோலைத் தொடாது, காற்றில் ஆடும். லட்டு அப்படிச் செய்தால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், டாக்டருக்கு உதவும். அதைவிட நல்ல சோதனை, கழுத்தை அசையாமல் வைத்துப் பார்ப்பது. கட்டுப் போட்ட சில நாளில் வலி அடங்கி நடை தேறினால் குற்றவாளி கழுத்துதான்.

வலிப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழுத்துக் கோளாறால் வலிப்பு வராது. மூளை அறைகள் பெரிதாக இருப்பதால் வரலாம், வராமலும் போகலாம். வராத வலிப்புக்கு இப்போதே மருந்து வேண்டியதில்லை. ஒருவேளை வந்தால், உடனே மூளையின் மேல் பழி போடாமல் இரத்தச் சர்க்கரையையும் கல்லீரலையும் பார்க்கச் சொல்லுங்கள். இவ்வளவு சின்ன நாய் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலே சர்க்கரை இறங்கி வெட்டு வரும். கல்லீரலைச் சுற்றிக்கொண்டு இரத்தம் போகும் பிறவிக் கோளாறும் குட்டி ரகங்களில் உண்டு, அதுவும் வலிப்பு மாதிரித் தெரியும். வலிப்பு வரும் நேரத்தில் லட்டுவின் கழுத்தை யாரும் பிடித்து அழுத்தக் கூடாது. பக்கத்தில் இருக்கும் சாமான்களை நகர்த்துங்கள், நேரம் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஹைட்ரோகெஃபாலஸ் உண்மையிலேயே தொந்தரவு கொடுக்கிற கட்டம் வந்தால் திரவச் சுரப்பைக் குறைக்கும் மருந்துகள் உண்டு, மூளையிலிருந்து வயிற்றுக்குக் குழாய் வைத்துத் திரவத்தை வடிக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. இப்போது அதையெல்லாம் தலைக்குள் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷனா, கட்டா? இரண்டு டாக்டர்களும் தப்பாகச் சொல்லவில்லை. இந்தக் கோளாறு நாய்களில் 1967-இலேயே மருத்துவ இதழில் பதிவாகிவிட்டது, அன்றிலிருந்து இந்த வாதமும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. கட்டுப் போடுவதன் நோக்கம், எலும்புகள் அசையாமல் இருக்கும் வாரங்களில் அங்கே தழும்புத் திசு வளர்ந்து அதுவே ஒரு பிடிமானமாகிவிடும் என்பது. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கட்டு மட்டும் போட்டு நீண்ட நாள் கவனித்த 16 நாய்களில் 10 நன்றாக இருந்தன. தொந்தரவு தொடங்கி 30 நாளுக்குள் சிகிச்சைக்கு வந்தவைதான் அதிகம் தேறின. லட்டுவுக்கு மூன்று வாரம்தான் ஆகிறது என்பதைக் கவனியுங்கள். கட்டின் குறை என்னவென்றால், தழும்புத் திசு எலும்பு அல்ல. பிறகு ஒரு நாள் இன்னொரு குதியில் மறுபடி விட்டுப்போகலாம்.

அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் கழுத்தின் அடிப்பக்கமாகத் திறந்து, இரண்டு எலும்புகளையும் சின்னத் திருகாணிகளால் இணைத்து, மேலே எலும்பு சிமென்ட் வைப்பார்கள். நாளடைவில் இரண்டும் ஒன்றாகவே ஒட்டிக்கொள்ளும். நல்ல கைகளில் பெரும்பாலான நாய்கள் நடையைத் திரும்பப் பெறுகின்றன. ஆனால் 1.8 கிலோ நாயின் ஆக்ஸிஸ் எலும்பு சில மில்லிமீட்டர் கனம்தான், அதற்குள் இறங்கும் திருகாணி ஒன்றரை மில்லிமீட்டர். ஒரு நூலிழை தள்ளிப்போனால் தண்டுவடம். அறுவை மேசையிலோ அடுத்த ஓரிரு நாளிலோ இறந்துபோகிற நாய்களும் இருக்கின்றன, இதை மறைத்துப் பேசுவது நியாயம் அல்ல. 46 நாய்களை வைத்து 2000-இல் வெளியான ஆய்வில், இரண்டு வயதுக்குள் நோய் தொடங்கியவையும், தொடங்கிப் பத்து மாதத்துக்குள் அறுவை செய்யப்பட்டவையும் நன்றாகத் தேறியது தெரிந்தது. இரண்டும் லட்டுவுக்குச் சாதகம்.

என் கருத்தைக் கேட்டால்: இன்றே கட்டும் கூண்டும், அதே சமயத்தில் அறுவை நிபுணரிடம் ஆலோசனை. கட்டிலேயே வலி போய் நடை தேறிக்கொண்டே வந்தால், எலும்பு இன்னும் முற்றட்டும் என்று காத்திருக்கலாம். நடை மோசமாகிக்கொண்டே போனாலோ, கட்டை எடுத்ததும் வலி திரும்பினாலோ அறுவையைத் தள்ளிப்போட வேண்டாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம், சென்னை வேப்பேரி கல்லூரியும் இருக்கிறது. இந்தக் குறிப்பிட்ட அறுவையை யார் செய்கிறார்கள் என்று அங்கே விசாரியுங்கள். அந்த நிபுணரிடம், குட்டி நாய்களில் இதற்கு முன் செய்திருக்கிறீர்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். திருகாணி பிடிக்கிற அளவு எலும்பு இருக்கிறதா, மண்டையின் அடியும் அட்லஸும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா, தண்டுவடத்தில் வீக்கம் தெரிகிறதா என்றும் கேளுங்கள். முதல் இரண்டுக்கு சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். பணம் ஒரு காரணமாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதற்கேற்ற வழியைப் பேசலாம்.

இப்போது கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் நடக்கிற வைத்தியம் இதுதான். கழுத்தை மட்டும் சுற்றிய துணி கட்டு ஆகாது. தாடைக்கு அடியிலும் காதுக்கு முன்னாலும் தொடங்கித் தோளைத் தாண்டி நெஞ்சு வரை போக வேண்டும், அடிப்பக்கம் கெட்டியான தகடு இருக்க வேண்டும், காதுகள் வெளியே இருக்க வேண்டும். இதை டாக்டர்தான் போட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். நம் ஊர் வெயிலில் இதன் பெரிய எதிரி ஈரம். எச்சிலும் தண்ணீரும் தாடைக்கு அடியில் ஊறி, உள்ளே தோல் வெந்துவிடும். தினமும் காலையில் கட்டின் ஓரத்தில் மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஆனாலும் சரி. அக்குளில் விரலை விட்டுப் பாருங்கள், சிவந்து வழவழப்பாக இருந்தால் புண் தொடங்குகிறது. கண் ஓரம் கட்டு உரசுகிறதா என்றும் பாருங்கள். தயிர்சாதம், கஞ்சி என்று ஒழுகுகிற சாப்பாடு இந்த வாரங்களுக்கு வேண்டாம். சின்ன உருண்டையாகப் பிடித்துக் கையால் கொடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை அவன் வாய் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள். தலையைக் குனிய விடக் கூடாது. அண்ணாந்த நிலையில் மாத்திரையைத் திணிக்கவும் கூடாது, சாப்பாட்டு உருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள். கட்டோடு இருக்கிற நாய்க்கு உடம்பு சீக்கிரம் சூடாகும், மதிய நேரம் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள்.

கூண்டு என்றால் எழுந்து திரும்பிப் படுக்கிற அளவு போதும், குதிக்க இடம் இருக்கக் கூடாது. காலிங் பெல் அடித்ததும் குரைத்துக்கொண்டு எகிறுவான் என்றால் அந்தப் பெல்லை நிறுத்தி வையுங்கள். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில், தலையும் முதுகும் ஒரே மட்டத்தில். பிள்ளைகள் தூக்க வேண்டாம்.

வலி மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. டாக்டர் கொடுத்ததோடு நம் வீட்டு மாத்திரை எதையும் சேர்க்காதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ஸ்டீராய்டும் மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தும் ஒரே நேரத்தில் கூடாது, இரண்டு டாக்டர்களிடம் காட்டும்போது இது தெரியாமல் நடந்துவிடும், அதனால் மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மருந்தில் வலி குறைந்ததும் லட்டு நன்றாகிவிட்ட மாதிரி ஓடப் பார்ப்பான். அந்த நாள்தான் மிகவும் ஆபத்தான நாள். வலி இருந்தவரை அவனே கழுத்தைக் காத்துக்கொண்டிருந்தான், இனி நீங்கள்தான் காக்க வேண்டும்.

நான்கு காலும் துவண்டு படுத்துவிட்டான், வயிற்றை எக்கி எக்கி மூச்சு வாங்குகிறான், நாக்கு நீலமாகிறது, ஒன்றுக்கே போகவில்லை என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். ஒரு பலகையில் படுக்க வைத்து, தலையை ஆட்டாமல் கொண்டு போங்கள். மாமனார் சொன்ன ஊசியைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம், சிகிச்சைக்குப் பின்னும் அவனால் மூச்சு விட முடியவில்லை என்றால்தான். இன்று தள்ளாடியாவது நடக்கிற, வாலாட்டுகிற ஒன்பது மாதக் குட்டிக்கு அந்தப் பேச்சே வேண்டாம். அவர் அவன் கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்கிறார், இந்தப் பக்கங்களை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

தேறிய பிறகும் சில விஷயங்கள் வாழ்நாள் முழுக்க. பெல்ட் கிடையாது, நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னஸ் மட்டும். கயிறு இழுக்கும் விளையாட்டு வேண்டாம், பெரிய நாய்களோடு சேர்க்க வேண்டாம். தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து முட்டிக்கொள்வான், அந்த நாட்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடி வெட்டுகிற இடத்தில் தலையைத் திருப்பிப் பிடிப்பார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். லட்டுவைக் கிராஸுக்கு விடாதீர்கள், எவ்வளவு பணம் தருகிறேன் என்றாலும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனோ பல் சுத்தமோ எதற்காக மயக்க மருந்து கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன் கழுத்தைப் பற்றி அந்த டாக்டருக்குத் தெரிய வேண்டும். மயக்கத்தில் கழுத்துத் தசைகள் தளர்ந்துவிடும், தொண்டையில் குழாய் விடும்போது தலையை நேராக வைக்க வேண்டும். எக்ஸ்ரே எடுக்கும்போதும் கழுத்தை வளைத்துப் பார்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நிபுணரைப் பார்க்கப் போகும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டு, படங்கள் முழுவதையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே லட்டு நடக்கிற வீடியோ ஒன்று, முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும். வழுக்கும் டைல்ஸ் தரையில் எடுக்காமல் பாய் விரித்து எடுங்கள்.